குழிப் பந்தல்

சனிக்கிழமைக்குள் பந்தலைப் பிரித்துவிட வேண்டும் என்று ரயில்வே லைன் இன்ஸ்பெக்டர் ஜோக்ளேகர் சொல்லிவிட்டுப் போனதும், பூலோகம் முதலில் செய்த காரியம் பந்தல்காலின் உயரத்தை அளந்ததுதான். ஆறடி இரண்டங்குலம். அளந்து என்ன ஆகப்போகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் அவனால் வருத்தப்படக்கூட முடியாது.

தப்பு அவனுடையதுதான். அறுபத்தைந்தாம் வருடம் ரேஷன் வரிசை நீண்டு, காய்கறி விலையும் ஏறியபோது, தண்டவாளத்தை ஒட்டிக் கிடந்த தரிசைத் துண்டு துண்டாகப் பிரித்து ரயில்வே தன் ஆட்களுக்கு அனுமதிச் சீட்டோடு பயிரிடக் கொடுத்தது. மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் கலாசியாக, எடுபிடி வேலையில் இருந்த பூலோகத்துக்கு, உள்ளே போகும் கிளைத் தண்டவாளமான சைடிங் வளைகிற இடத்தில் ஒரு துண்டு கிடைத்தது. பக்கத்துத் துண்டுக்காரர் வானமாமலை உட்பட எல்லோரும் பாலக், மேத்தி என்று கீரையே விதைத்தார்கள். பூலோகமும் அவன் மனைவி ஆறுமுகத்தாயும் மட்டும் புடலை போட்டார்கள். கீரையைக் கூடை கூடையாகப் பறித்தாலும் வெந்தபின் ஒரு கையளவுதான். ஒரு புடலங்காய் இருந்தால் இரண்டு வேளைக்குக் கூட்டு ஆகும் என்றாள் ஆறுமுகத்தாய். புடலை என்றால் பந்தல் வேண்டும். தாராவியிலிருந்து மூங்கிலும் கயிறும் சுமந்துவந்து இருவரும் பந்தல் போட்டார்கள். அந்தப் பக்கம் எஞ்சின் வரும், ஓட்டுகிறவர் எதையோ பார்த்துத்தான் ஓட்டுவார் என்பது, நாள் முழுக்க வண்டிகளுக்கு நடுவே வேலை செய்கிறவனுக்கு நினைவுக்கே வரவில்லை.

வளைவைத் தாண்டித் தரையோடு தரையாக ஒரு குட்டி சிக்னல் இருந்தது. பெட்டிகளை இழுத்து மாற்றும் ஷன்டிங் எஞ்சினுக்கானது. கொடி அடர்ந்ததும் அது மறைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில், சிக்னல் நில் என்று காட்டும்போதே எஞ்சின் அதைத் தாண்டி நாலடி போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டியவர் ஷேக் பரீத், கடையநல்லூர்க்காரர், பூலோகத்துக்கு நன்றாகத் தெரிந்தவர். அவரே ரிப்போர்ட் எழுதினார். எழுதிய கையோடு பூலோகத்திடம் வந்து சொல்லவும் செய்தார்.

“நான்தான் எழுதிக் குடுத்தேன் வே. மூடி மறைக்க எனக்குத் தெரியாது. சிக்னலைத் தேடுதேன், உம்ம புடலங்காய்லா ஆடுது! பச்சை பச்சையாத் தொங்குனா, எதைப் பாத்து நான் வண்டிய எடுக்க?”

“தப்பு என் மேலதான் பாய்.”

“அது சரி. பந்தலைப் பிரிச்சிட்டு, எல்லாரையும் போல பாலக் போடும். துண்டாவது மிஞ்சும்.”

ஜோக்ளேகர் இவ்வளவு தூரம் பேசவில்லை. சனிக்கிழமை மதியம் அதே எஞ்சினில் ஏறி வருவேன், சிக்னல் தெரியாவிட்டால் அனுமதிச் சீட்டு ரத்து என்று இந்தியில் இரண்டே வாக்கியம் சொன்னார்.

காய்கறிக் கடைக்குப் போகாமல் மிஞ்சிய காசில்தான் பூலோகம் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தான். எந்திரங்களின் ட்ராயிங்கைப் பார்த்துப் படிக்கத் தெரிந்தால்தான் பிட்டர் தேர்வுக்கு உட்கார முடியும். தேர்வு மார்ச் மாதம். பந்தலில் அப்போது பிஞ்சும் காயுமாக நாற்பத்தொன்று தொங்கின. பிரித்தால் கொடி அத்தனையும் போகும். புதிதாக விதைத்து முளைத்து வரும்வரை எல்லாவற்றையும் கடையில்தான் வாங்க வேண்டும். அப்புறம் வகுப்புக்கு எங்கே கட்டுவது?

“பேசாம வகுப்பை நிறுத்திருதேன்,” என்றான் வீட்டில். “எப்படியும் நான் பாஸ் பண்ணுவேனான்னு தெரியல.”

ஆறுமுகத்தாய் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “அதைப் பரீட்சைக்காரன் சொல்லட்டும். நீங்க ஏன் முந்துதீங்க?”

“பந்தல் ஆறடி இருக்கு. அவ்வளவு உசரம் இருக்கக்கூடாதுங்கான்.”

“அப்ப எவ்வளவு இருக்கலாம்னு கேட்டீங்களா?”

அவன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

புதன்கிழமை அவனுக்கு ஒரு ரயில் பெட்டியின் அடியில் வேலை. ஒர்க்‌ஷாப்பில் தண்டவாளங்களுக்கு நடுவே இடுப்பளவு ஆழத்தில் நீளமான குழி உண்டு. பிட் என்பார்கள். பெட்டியின் வயிற்றில் கை வைக்க வேண்டுமென்றால், ஆள் அந்தக் குழிக்குள் இறங்கி நின்று அண்ணாந்து போல்ட்டை முடுக்க வேண்டும். வண்டியைத் தூக்க முடியாது, அதனால் ஆளை இறக்குகிறார்கள். ஸ்பேனரைப் பிடித்தபடியே பூலோகம் மேலே பார்த்தான். தலைக்கு மேல் பிரேக் கம்பிகள் வரிசையாகத் தொங்கின. புடலங்காய் தொங்குவதற்கு வேண்டியது கீழே இடம். அந்த இடம் தரைக்கு மேலேதான் இருக்க வேண்டுமா?

அன்று சாயங்காலம் ஷேக் பரீத்தைத் தேடிப் போனான்.

“பாய், எஞ்சின்ல நிக்கும்போது தண்டவாளத்துல இருந்து உங்க கண்ணு எத்தனை அடி உசரத்துல இருக்கும்?”

“என் வயசே எனக்குச் சரியாத் தெரியாது. கண்ணு உசரத்தைக் கேக்கீரே!”

ஆனாலும் எஞ்சினில் ஏறி, அளக்கும்வரை அசையாமல் நின்றார். பூலோகம் அந்த அளவை நோட்டில் எழுதி, டிரைவர் கண்ணிலிருந்து குட்டி சிக்னல் வரை ஒரு கோடு போட்டான். கோடு இறங்கிக்கொண்டே வந்து அவன் துண்டைக் கடந்தது. முதல் தடவை கணக்கிட்டதில் பந்தல் மூன்றடி ஓரங்குலம் இருக்கலாம் என்று வந்தது. நம்பிக்கை வராமல் மறுபடி போட்டான்; இரண்டடி பத்தங்குலம். மூன்றாம் தடவை மூன்றடி. மூன்றையும் நம்பாமல் இரண்டரை அடி என்று முடிவு செய்தான். பந்தல் இரண்டரை அடி, அதன் அடியில் குழி இரண்டடி. காய் நீளத்துக்குப் போதும்.

அனுமதிச் சீட்டில் ஒரு விதி இருந்தது: தண்டவாளத்திலிருந்து பத்தடிக்குள் மண்ணைத் தோண்டக்கூடாது. பன்னிரண்டடி தள்ளிக் கயிறு கட்டிக் கோடு போட்டான். வியாழனும் வெள்ளியும் விடிந்ததிலிருந்து ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்வரை அவன் கடப்பாரையால் பெயர்க்க, ஆறுமுகத்தாய் கூடையில் அள்ளி மதிலோரம் கொட்டினாள். வேலை விட்டதும் மறுபடி. வியாழன் வகுப்புக்குப் போகவில்லை.

“என்னவே, புடலங்காய்க்குக் குளிக்கக் கெணறு வெட்டுதீரா?” என்றார் வானமாமலை, பாலக் பாத்தியில் குந்தியபடி.

“தண்ணி வந்தா ஒங்களையும் கூப்பிடுதோம் அண்ணாச்சி,” என்றாள் ஆறுமுகத்தாய். “இப்ப அந்த மம்பட்டியைத் தாங்க.”

சனிக்கிழமை காலை பந்தலை இறக்குவது. கொடியோடும் காயோடும் அப்படியே இறக்க வேண்டும். நாலு மூலைக் கால்களிலும் அரையடிக்கு ஒன்றாகச் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருந்தான் பூலோகம். மூலைக்கு ஒரு ஆள். அவன், ஆறுமுகத்தாய், வானமாமலை, வேலைக்குப் போகிற வழியில் காக்கிச் சட்டையோடு வந்து நின்ற ஷேக் பரீத்.

“நான் ஒண்ணுன்னு சொன்னதும் கயித்தை நெகிழ்த்தி ஒரு கோடு இறக்கணும். உடனே இறுக்கிக் கட்டிரணும். அடுத்து நான் சொல்லுத வரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

மூன்று கோடு சரியாக இறங்கியது. நாலாவதில் வானமாமலைக்குத் தும்மல் வந்தது. அவர் மூலை சரிந்து, ஒரு மூங்கில் முறிந்து, காய்கள் பொலபொலவென்று குழிக்குள் விழுந்தன.

“எண்ணுததுக்கு முந்தியே விட்டுட்டீரே வே!” என்று கத்தினார் ஷேக் பரீத்.

“தும்மல் என்னைக் கேட்டுட்டா வருது?”

பூலோகம் கையை எடுக்கவில்லை. இந்த யோசனையே கிறுக்குத்தனம், எல்லோரும் பார்க்கக் கேவலப்படப் போகிறோம் என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வாய் மட்டும், “அண்ணாச்சி, தோள் குடுத்துத் தூக்குங்க. ஆங். கட்டுங்க. இப்ப ஒண்ணு,” என்றது. ஒன்பது காய் போயிற்று. ஒரு கொடி அடியோடு முறிந்தது. மற்றதெல்லாம் இறங்கியது. தொடையளவு உயரத்தில் பச்சையாக ஒரு பாய் விரித்தது போலப் பந்தல் கிடக்க, அதன் அடியில் காய்கள் குழிக்குள் தொங்கின.

மதியம் எஞ்சின் வளைவில் வந்தது. ஜோக்ளேகர் ஷேக் பரீத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சிக்னலுக்குப் பத்தடி முன்னால் எஞ்சின் நின்றது. ஜோக்ளேகர் இறங்கிவந்து குழியை எட்டிப் பார்த்தார். தண்டவாளத்திலிருந்து தன் டேப்பால் அளந்தார். விதிப்படிதான் இருந்தது.

“தெரியுதா பாய்?” என்று கேட்டான் பூலோகம்.

ஷேக் பரீத் எஞ்சினிலிருந்து தலையை நீட்டினார். “தெரியுது. ஆனா பந்தலுக்கு சிக்னல் பக்கத்துக் கோடி இருக்கு பாரும், அந்த இடத்துல ஒரு நொடி மறைக்கி. பொய் சொல்லமாட்டேன் வே.”

அந்தக் கோடியில் பார்வைக் கோடு இன்னும் தாழ்வாகப் போகிறது. பந்தல் முழுவதற்கும் ஒரே உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தான். மூன்று தடவை போட்டும் மூன்று தடவையும் அதே தப்பு.

ஜோக்ளேகர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். அவர் மூடியைக் கழற்றுவதற்குள் பூலோகம் அரிவாளை எடுத்துவிட்டான். கோடியிலிருந்து ஐந்தடி எண்ணி, மூங்கிலை வெட்டினான், கயிற்றை வெட்டினான், கொடியை வெட்டினான். பதினோரு காய். எல்லாவற்றையும் இழுத்து மதிலோரம் போட்டுவிட்டு, “ஏக் பார் அவுர் தேக்கியே, சாகேப்,” என்றான், இன்னொரு தடவை பாருங்கள் என்று.

ஜோக்ளேகர் பேனாவை மறுபடி பாக்கெட்டில் செருகினார். பிறகு எஞ்சினில் ஏறினார். அது பின்னால் போய் மறைந்து, மறுபடி வளைவில் வந்தது. இந்தத் தடவை ஷேக் பரீத் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கையை வெளியே நீட்டி ஆட்டினார்.

ஜோக்ளேகர் இறங்கியதும் கேட்டது வேறு. கொடி மேலே ஏறுவதுதானே வழக்கம், பதினைந்து நாளில் மறுபடி மறைக்காதா?

பூலோகம் அதை யோசிக்கவே இல்லை. இந்தி அரைகுறையாகப் புரிந்த ஆறுமுகத்தாய் தமிழிலேயே பதில் சொன்னாள்: “ஏறுனா கொழுந்தைக் கிள்ளிருவேன். தினமும் வந்து கிள்ளுவேன். புடலங்கொழுந்தும் பொரியலுக்கு ஆகும்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

ஷேக் பரீத் மொழிபெயர்த்தார். ஜோக்ளேகர் சிரிக்கவில்லை. சீட்டை வாங்கி, உயரம் இரண்டரை அடிக்கு மேல் கூடாது, ஒரு இலை கூடினாலும் ரத்து என்று பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மழைக்காலத்துக்கு முன் குழியை மூட வேண்டும் என்று இன்னொரு வரியும் எழுதினார்.

பூலோகம் அதை இரண்டு முறை படித்துச் சட்டைப்பையில் வைத்தான். வாளித் தண்ணீரில் கை கால் கழுவினான். ஆறு மணிக்கு வகுப்பு. ஆறுமுகத்தாய் அதற்குள் பந்தலை வெட்டிய பக்கமாகக் குழியில் இறங்கி நின்று, பந்தலுக்கு மேல் தலை நீட்டிய முதல் கொழுந்தைக் கிள்ளிவிட்டு, “நில்லாதீங்க, கெளம்புங்க,” என்றாள். அவன் நோட்டை எடுத்துக்கொண்டு சைடிங் ஓரமாகவே வேகமாக நடந்தான்.