அரைக்கண் அவரை

தம்பி என் வீட்டில் கொடுத்துவைத்த விதையை நான் தின்றுவிட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை நாலு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஊரில் எனக்கு வெடிவாயி என்று பட்டப்பெயர். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவேனாம். கேட்டால் சிரிப்பாகத்தான் வருகிறது.

எங்கள் மலைச்சரிவில் வீட்டுக்கு ஓர் அவரை. அப்பா வீட்டு அவரை மகனுக்கு. மகள் எந்த வீட்டில் வாழ்க்கைப்படுகிறாளோ அந்த வீட்டு அவரைதான் அவளுக்கு. அப்படி எங்கள் வீட்டு அவரை தம்பிக்குப் போயிற்று. வெள்ளை விதை, மேலே பாதிவரைக்கும் கருஞ்சிவப்பு இறங்கி, விதையின் கண்ணை மறைத்தும் மறைக்காமலும் நிற்கும். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் பார்ப்பதுபோல் இருப்பதால் அரைக்கண் அவரை என்று பெயர். உறைபனியில் மற்ற கொடியெல்லாம் வெந்த கீரையாகத் தொங்கும்போது அது மட்டும் அசைந்துகொடுக்காது.

விதை முழுவதையும் ஒரே வீட்டில் வைக்க மாட்டோம். நெருப்பு, எலி, வெள்ளம், எது எப்போது வரும் என்று யார் கண்டது? பாதி தன் வீட்டில், பாதி சரிவின் அந்தப் பக்கம் நம்பிக்கையான ஒரு வீட்டில். விதையைச் சாம்பல் கலந்து பானையில் போட்டு, வாயைக் களிமண்ணால் பூசி, ஈரம் காய்வதற்குள் விதைக்கு உரியவர் தன் கட்டைவிரலை அதில் அழுத்திவிட்டுப் போவார். வாங்கிவைத்த வீட்டார் அதைத் திறக்கக் கூடாது. அந்த விதையில் ஒன்றைக்கூடத் தங்கள் மண்ணில் ஊன்றவும் கூடாது. இதையெல்லாம் யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கும் அளவுக்கு எங்களில் யாரும் கெட்டுப்போகவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் மழையில் மண் சரிந்து, சந்தைக்குப் போகும் பாதை அடைபட்டது. என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார். ஏழு நாளில் அடுக்களையில் உப்பைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. தம்பி வீடு ஒரு மணி நேர நடை. போய்க் கேட்டிருந்தால் இருப்பதில் பாதியைக் கொடுத்திருப்பான். நான் போகவில்லை. போன மாதம்தான் அவன் பெண்டாட்டியிடம், "எங்க வீட்டுல எதுக்கும்மா குறைச்சல்?" என்று பீற்றிக்கொண்டு வந்திருந்தேன். அதே வாயோடு எப்படிப் போய் நிற்பது?

பானையை உடைத்தேன். ஒரு கைப்பிடி மட்டும் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்காரர் எந்த அவரை என்று கேட்கவில்லை. "இன்னைக்கு நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் போடு" என்றார். நாலே நாளில் பானை காலி.

பாதை திறந்து, கடைகளும் திறந்தன. பத்து நாள் கழித்து, தம்பி தன் பாதி விதை முழுவதையும் ஊன்றியிருந்த நிலத்தின் முளைகளை ஆலங்கட்டி மழை துவைத்துப் போட்டது. மறுநாளே அவன் என் வீட்டுக்கு வந்து பானையைக் கேட்டான்.

"விழுந்து உடைஞ்சிருச்சுடா. எலி அத்தனையும் தூக்கிட்டுப் போயிருச்சு," என்று ஓடுகளைக் காட்டினேன்.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓடுகளைப் புரட்டிப் பார்த்தான். எலி வந்த இடத்தில் புழுக்கை இருக்கும், கொறித்த தோல் கிடக்கும். அங்கே எதுவும் இல்லை. அடுப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்கு எப்போதும் இருக்கும் வறட்டு இருமலை இரண்டு தரம் இருமினான்.

"சரி, விடுக்கா," என்று எழுந்து போய்விட்டான்.

அடுத்த நாள் காலை மூடுபனியில் கால் வழுக்கி, ஓடைப் பள்ளத்தில் விழுந்து செத்தான். அவன் வீட்டிலிருந்து எங்கே போவதானாலும் அந்த ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும். மாமனார் ஊருக்கு விதை தேடிப் புறப்பட்டான், பாவம், என்று ஊரே சொன்னது. என் பொய்தான் அவனை அனுப்பியது என்று எனக்கு மட்டும் தெரியும்.

உடைந்த பானையில் அவன் விரல் பதிந்த மண்மூடி மட்டும் முழுசாக இருந்தது. தூக்கி எறியவும் கை வரவில்லை, வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. கொல்லைச் சுவரின் கல்லிடுக்கில் செருகி, மேலே ஒரு கல்லை வைத்து மூடினேன்.

நாலு வருஷம் கழித்து, இந்த முறை முதல் மழைக்கு, அந்த இடுக்கிலிருந்து ஒரு முளை எட்டிப் பார்த்தது. மூடியின் அடியில் ஒரு விதை ஒட்டிக்கொண்டு இருந்திருக்கும். சுவருக்குள் இப்போது நீர் இறங்கியிருக்கும். காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் முதுகு சில்லிட்டது.

கிள்ளி எறிந்தேன். எட்டாம் நாள் இரண்டு தளிராக வந்தது. ஆட்டை அவிழ்த்துவிட்டேன். காயப்போட்ட என் புடவையைக்கூட விட்டுவைக்காத ஆடு, அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டது. மறுபடியும் கிள்ளினேன். மறுபடியும் வந்தது. ஒரு மாதத்தில் சுவரேறி, அடுக்களை ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டது. நான் அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் யாரோ தோளுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருக்கும். திரும்பினால் கொடி.

ஒருநாள் நடுப்பகல். கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"வெளியே யாரு? உன் தம்பி இருமுறான் போலிருக்கே."

அவருக்குக் காது மந்தம். பக்கத்தில் இடி விழுந்தால் "என்ன சொன்னே?" என்று கேட்கிற மனுஷர். கொல்லைக்கு ஓடினேன். மூடுபனியும் கொடியும் தவிர ஒருவரும் இல்லை. உள்ளே வந்து, "யாருமில்ல, படுங்க" என்றேன்.

"குளிர்ல நிக்க வைக்காதே. உள்ளே வரச் சொல்லு," என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிவிட்டார்.

அன்றிலிருந்து நான் கொடியோடு பேசத் தொடங்கினேன். "என்னடா வேணும் உனக்கு? என்னை என்ன பண்ணச் சொல்றே?" என்று திட்டுவேன். அது பாட்டுக்குப் பூத்தது. வெள்ளைப் பூ, ஓரத்தில் சிவப்பு.

வீட்டுக்காரருக்கு ஊசி போட வந்த நர்ஸ்தான் அந்தச் செய்தியைச் சொன்னாள். தம்பி மனைவி நிலத்தை விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கீழே மில் வேலைக்குப் போகிறாளாம். நாலு வருஷமாகச் சந்தை விதை போட்டாள்; நாலு வருஷமும் உறைபனி தின்றது. அரைக்கண் இருந்தால் அவள் இங்கேயே இருப்பாள். அந்த விதை இப்போது இருப்பதோ என் சுவரில் மட்டும். கொடுத்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். கொடுக்காவிட்டால் தம்பியை இரண்டாம் தடவை கொன்றவளாவேன்.

அதற்குப் பிறகு கொடியில் கை வைக்கவில்லை. காய்கள் முற்றிக் காய்ந்தன. காற்றே இல்லாத மத்தியானங்களில் அவை கலகலத்தன. கேட்டுக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். கடைசியில் பறித்து உரித்துப் பார்த்தால், ஒரு கிண்ணம் நிறைய விதை. அத்தனையும் அரைக்கண்ணால் என்னையே பார்த்தன.

துணியில் முடிந்துகொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். சந்தையில் யாரோ ஒரு கிழவரிடம் தற்செயலாகப் பார்த்தேன் என்று சொல்வதாகத் திட்டம். நல்ல பொய். என் பொய்களில் எப்போதும் ஓட்டை இருக்காது.

தம்பி மனைவி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. உட்கார இடமில்ல, அந்தப் பெட்டி மேலேயே உட்காருங்க."

துணியை அவிழ்த்தேன். அவள் பார்த்தாள், தொடவில்லை.

"எங்க கிடைச்சுது?"

வாயைத் திறந்தேன். கிழவர் வரவில்லை.

"அன்னைக்கு எலி தின்னலைம்மா. நான்தான் தின்னேன். இது அதுல தப்பின விதையில முளைச்சது."

"தெரியும்," என்றாள்.

நான் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"உங்க வீட்டுலேருந்து வந்ததுமே சொன்னார். 'அக்கா விதையையே தின்னிருக்கா. எவ்வளவு பசிச்சிருந்தா அவ அப்படிச் செஞ்சிருப்பா? நான் ஒரு எட்டு போய்ப் பாக்கலையே'ன்னு அழுதார். காலையில இருந்த மாவுல முக்கால்வாசியை மூட்டை கட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனார். எங்க அப்பா ஊருக்கு இல்ல அண்ணி. உங்க வீட்டுக்கு."

"என் வீட்டுக்கா?"

"மூட்டை அவர் பக்கத்துலயே கிடந்துச்சு. ஆளுங்க வர்றதுக்குள்ள நான்தான் எடுத்து ஒளிச்சேன்."

"ஏம்மா சொல்லல?"

"முதல்ல, சொன்னா நீங்க உசிரை விட்டுருவீங்கன்னு பயம். அப்புறம் ஆத்திரம். உங்க வாயாலயே வரட்டும்னு ஒரு வீம்பு. நீங்க வருவீங்க, ஊர்க்கதை பூரா பேசுவீங்க, போயிருவீங்க. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் துணியோடு விதையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதை ஊனுவேன். உங்களுக்காக இல்ல, அவருக்காக." பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாலு வருஷமா மனசை அரிக்குது. அன்னைக்குக் காலையில உங்க வீட்டுல சாப்பாடு இருந்துச்சா? அவர் கொண்டுவந்தது உங்களுக்குத் தேவைப்பட்டுதா?"

பசியோடு இருந்தேன் என்று சொன்னால் அவள் மனம் ஆறும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு சொல் போதும்.

"ரெண்டு மூட்டை மாவு இருந்துச்சும்மா," என்றேன். "வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்கிக்கிட்டிருந்தேன்."

தம்பியின் சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், மடியில் விதையோடு குனிந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.