பதினொரு கிராம்

அக்கா முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. உயரம் நான்கு விரற்கடை. அளந்தவள் தங்கை. பல் செட் செய்யும் கூடமொன்றில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவள் என்பதால் அளவில் பிழையிருக்க வாய்ப்பில்லை. அப்போது ரெக்கார்டு பிளேயரில் ஒரு வயலின் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. தாழ்ந்த சுரம் வந்த இடத்தில் ஊசி நடுங்கி, இரைந்து, துள்ளியது. அதே துள்ளலில் நாற்காலியிலிருந்த அக்காவும் எழும்பினாள். தட்டு நின்றதும் இறங்கினாள். "தலை சுத்துச்சாக்கா?" என்று தங்கை கேட்டாள். "இல்லடி, காலுதான் தரையைத் தேடுச்சு" என்றாள் அக்கா. பிறகு தங்கையின் கணவன் துணி உலர்த்தப் போனான், மற்ற இருவரும் காய் நறுக்கினார்கள்.

ஊசியைத் தாங்கியிருந்த கார்ட்ரிட்ஜ் அக்காவின் கணவருடையது. கடைவாய்ப்பல் அளவுதான் இருக்கும். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளராக இருந்தவர், நிலையம் பழைய சாமான்களைக் கழித்தபோது அதைக் கேட்டு வாங்கிவந்து, முப்பது வருடம் அதன் முன்கோபத்தோடு குடித்தனம் செய்தார். அதற்கு ஈரக்காற்று ஆகாது, புதுத் தட்டு ஆகாது, பக்கத்தில் யாரும் தும்மினால் ஆகாது. "எனக்கு ரெண்டு பொண்டாட்டி, சின்னவளுக்குத்தான் மூக்கு மேல கோபம்" என்பார். அவர் இறந்து, அக்கா தங்கை வீட்டுக்கு வந்தபோது புடவைகளுக்கு நடுவே பஞ்சில் பொதிந்து கொண்டுவந்தது அது ஒன்றைத்தான். அது முப்பது வருடம் உட்கார்ந்திருந்த, தட்டின் மேல் ஊசியைத் தாங்கி நகரும் கையும், அந்தக் கை இருந்த பிளேயரும் வரவில்லை. அவருடைய தம்பி எடுத்துப் போய்விட்டதாகத் தங்கை சொல்லியிருந்தாள்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: அவர் கேட்ட மாதிரி அந்தத் தட்டுகளைக் கேட்க வேண்டும். தங்கை புதுப் பிளேயர் ஒன்று வாங்கினாள். அதன் கை நாணல்போல் மெலிந்தது, ஊதினால் ஆடும். வயதான பொருளைப் பூப்போலத் தாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதுபோல அவளுக்கும் தோன்றியது. பல் செட் கூடத்தில் உள்ளதும் ஒரே விதி: உறுத்துகிற இடத்தைத் தேய்த்து எடு. மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே சிவப்புத் தாளை வைத்துக் கடிக்கவிட்டு, சாயம் பட்ட மேட்டை இழைத்தால் முடிந்தது. அவள் வீட்டையும் அப்படித்தான் இழைத்திருந்தாள். அக்கா கணவரின் படம் அலமாரிக்குள் போயிற்று. அவர் பெயர் பேச்சிலிருந்து போயிற்று. துக்கம் கேட்க வந்தவர்களை வாசலிலேயே பேசி அனுப்பினாள், வீட்டில் எல்லோரையும் மெதுவாகப் பேசச் சொன்னாள். ஊசி துள்ளியதும் கையையும் இழைத்தாள். நுனித் தகட்டில் பல் துளைக்கும் கருவியால் வரிசையாக ஓட்டை போட்டாள். இரும்புத் திருகுகளை எடுத்துவிட்டு நைலான் திருகு போட்டாள். ஒவ்வொரு கிராம் குறைந்தபோதும் ஊசி இன்னும் துள்ளியது, அக்கா இன்னும் எழும்பினாள். ஒரு சாண், இடுப்பளவு, மூன்றாம் மாதம் கூரை.

மருத்துவர் எடை பார்த்தார். ஐம்பத்திரண்டு கிலோ, குறை சொல்ல ஒன்றுமில்லை. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். தங்கையின் கணவன், "போனதுதான் போனீங்க அண்ணி, அந்த மூலையில இருக்கிற ஒட்டடையையும் தட்டிடுங்க" என்றான். அக்கா தட்டினாள். ஆனால் அதற்கடுத்த ஞாயிறு பால்கனிக் கதவு திறந்திருந்தது. அந்தப் பக்கம் மிதந்துபோன அக்காவை முந்தானையைப் பிடித்துத்தான் தங்கையால் உள்ளே இழுக்க முடிந்தது. "விட்டிருந்தா போயிருப்பேன்" என்றாள் அக்கா, பஸ்ஸைத் தவறவிட்டவள் சொல்வதுபோல. அன்று தட்டு நின்ற பிறகும் அவள் முழுதாக இறங்கவில்லை. வார நாட்களிலும் செருப்புக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. தங்கை பிளேயரின் கையைக் கார்ட்ரிட்ஜோடு கழற்றிப் பழுது பார்க்க எடுத்துப் போனாள்.

ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தார். "யாரும்மா இவ்ளோ ஓட்டை போட்டது? எலிகூட இவ்ளோ நறுவிசா கடிக்காது." பிறகு ஊசியை விரல் நுனியால் லேசாக அழுத்தினார். "இது விறைப்பான ஊசிம்மா, வளைஞ்சு குடுக்காது. லேசான கையில வச்சா கையையே உலுக்கிடும். அசைஞ்சு குடுக்காத கனமான கை வேணும். நீங்க எடுத்ததெல்லாம் இது கேட்டது. ஆமா, முன்னாடி இருந்த கை எங்க?"

தங்கை கையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பல் வார்க்கும் உலோகத்தில் பதினொரு கிராமுக்கு ஒரு தகடு வார்த்து, கையின் நுனியில் பொருத்தி, பின்பக்க எடையைத் தள்ளிச் சமன் செய்தாள். அந்த ஞாயிறு தாழ்ந்த சுரம் நடுங்காமல் வந்து அறையின் நடுவில் நின்றது. கூரையில் இருந்த அக்கா மெல்ல இறங்கி, நாற்காலிக்கு ஒரு சாண் மேலே தங்கினாள். அதற்குக் கீழே வரவில்லை. "இப்பத்தான் அவரு கேட்ட மாதிரி இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

எடையைக் கூட்ட இன்னும் என்ன இருக்கிறது என்று தங்கை யோசித்தாள். தன்னிடம் இருந்தது தெரிந்தது. அதை எடுக்காமல் இருப்பதற்குத்தான் இத்தனை நாள் எல்லோரையும் மெதுவாகப் பேசச் சொன்னோமோ என்பதும் தெரிந்தது.

"அவரு தம்பி எடுத்துட்டுப் போகலக்கா. நான்தான் பழைய சாமான்காரன்கிட்ட போட்டேன். பார்த்தா நீ அழுவேன்னு."

அக்கா தொப்பென்று விழுந்தாள். நாற்காலியின் இரண்டு கால்கள் முறிந்தன.

"யாரைக் கேட்டுடி போட்ட? நான் அழுதா உனக்கென்ன? நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா, ஆளாளுக்குத் தொடாம சுத்தி நடக்க?"

சண்டை ஒரு மணி நேரம் நடந்தது. பாதியில் அது பள்ளிக்கூட நாட்களுக்குப் போய், அங்கிருந்து தங்கையின் கல்யாணத்துக்கு வந்து, மறுபடி பிளேயருக்குத் திரும்பியது. தங்கையின் கணவன் சமையலறையில் கழுவிய டம்ளர்களையே திரும்பக் கழுவினான். தட்டு முடிந்தும் யாரும் ஊசியை எடுக்கவில்லை. அது தட்டின் கடைசி வரிப்பள்ளத்தில் துள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு நாள் அக்கா தங்கையிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் படத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கூடத்தில் தானே ஆணியடித்து மாட்டினாள். பன்னிரண்டாம் நாள், "குழம்புல உப்பே இல்ல" என்றாள்.

கீழ்வீட்டு டியூஷன் டீச்சர் படியேறி வந்தார். "மேல யானை ஏதாவது வளர்க்கிறீங்களா?"

"எங்க அக்கா நடக்கிறாங்க."

"கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லலாமே."

"சொல்ல மாட்டேன்" என்றாள் தங்கை.

அக்கா நடக்கும் வழியில், அறையிலிருந்து கூடம் வரை, தரை அரை விரற்கடை பள்ளமாகிவிட்டது. மொத்தம் பத்தொன்பது காலடித் தடங்கள். வருடத்துக்கு ஒருமுறை கொத்தனார் வந்து சிமெண்ட் பூசுகிறார். முதல் வருடம் மட்டும் காரணம் கேட்டார். இப்போதெல்லாம் பூசி முடித்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டு, இரண்டு நாள் மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அக்கா அன்று மாலையே மிதிக்கிறாள்.