எனக்கும்தான் எழும்பினாள்

இத்தாலியில் நான் வேலை செய்த வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை படிக்க வந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு செப்ரெம்பரில். வீடு பொலிதேயாமாப் பக்கம், மூன்றாம் மாடி. நான் இருந்தது போர்கோ வெக்கியோவில். நடந்தால் பத்து நிமிஷம், மழை என்றால் ஏழு நிமிஷம். எட்டு வருஷமாக அந்த வீட்டைக் கூட்டித் துடைத்து, உடுப்பு மினுக்கி, கோப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா ரொசால்பா, மருந்துக்கடை வைத்திருந்த அவருடைய புருஷன் சிஞ்ஞோர் நீனோ, ஒரே மகள். அந்த மகள் மாணவர் பரிமாற்றம் என்று ஒரு வருஷம் அமெரிக்காவுக்குப் போய்விட்டாள். அவளை அனுப்பிய சங்கமே இவர்கள் வீட்டுக்கும் ஒரு பிள்ளையை அனுப்புகிறதாம்.

"செல்வா, உன்ரை நாட்டுப் பிள்ளை வருது" என்றார் சிஞ்ஞோரா இத்தாலியனில்.

"என்ரை நாட்டிலை சண்டை, சிஞ்ஞோரா. அங்கையிருந்து ஆர் படிக்க அனுப்புவினம்?"

பிறகு பார்த்தால் மலேசியா. ஈப்போ என்கிற ஊர். பதினேழு வயது, பெயர் அபிதா. சிஞ்ஞோராவுக்கு மலேசியாவும் யாழ்ப்பாணமும் ஒரே ஒழுங்கையில் இருக்கிற இரண்டு வீடு.

திங்கட்கிழமை காலை வாளியும் தும்புத்தடியுமாகக் குசினிக்குள் காலை வைக்கிறேன். மேசையில் பிஸ்கற்றைப் பாலில் தோய்த்துக்கொண்டிருந்த பிள்ளை என்னைக் கண்டதும் டக்கென்று எழும்பி நின்றாள். யாருக்கு எழும்புகிறாள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை.

"வணக்கம் ஆன்ட்டி. பசியாறிட்டீங்களா?"

பசியாறுவதாம்! எவ்வளவு வடிவான சொல்.

"நான் விடியவே சாப்பிட்டிட்டன். இரு பிள்ளை, இரு. பிஸ்கற் கரையப்போகுது."

இருந்தாள்.

சிஞ்ஞோராவுக்கும் அப்படித்தான் எழும்பினாள். ஆனால் சிஞ்ஞோரா வாய் ஓயாத மனுஷி. இரு, சாப்பிடு, இன்னும் போடு என்று தோளைப் பிடித்து அமர்த்திவிடுவார். அதனால் அங்கே ஒரு சிக்கலும் வரவில்லை. சிக்கல் சிஞ்ஞோர் நீனோவிடம்தான்.

நல்ல மனுஷன், ஆனால் கதை குறைவு. மத்தியானம் ஒன்றரைக்குக் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வருவார். அவர் தலை தெரிந்தால் அபிதா எழும்புவாள். உப்பு எடுக்க அவர் எழும்பினால் இவளும் எழும்புவாள். சாப்பிட்டபின் அவர் ரிவி பார்க்க வந்து சோபாவில் இருந்தால், இவள் எழும்பி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சத்தமில்லாமல் தன் அறைக்குப் போய்விடுவாள்.

வியாழக்கிழமை நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நிற்கிறேன், சிஞ்ஞோரா வந்து குசினிக் கதவைச் சாத்தினார்.

"செல்வா, நீனோவைக் கண்டால் பிள்ளை எழும்பி ஓடுது. 'அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்தனான்?' எண்டு அந்தாள் என்னட்டைக் கேக்கிறார். முகம் குடுக்கேலாமல் கிடக்கு. சனிக்கிழமை சங்கத்து மனுஷி வருவா. வேறை வீடு பாத்துக் குடுக்கச் சொல்லப்போறம்."

"பிள்ளைக்குத் தெரியுமே?"

"இல்லை. எனக்குச் சொல்ல மனம் வரேல்லை."

எனக்குக் கத்தி ஓடவில்லை. கடல் தாண்டி வந்த பிள்ளையை ஒரு கிழமையில் வேண்டாமென்று விட்டால் அவள் என்ன நினைப்பாள்? தாய் தகப்பனுக்கு என்னவென்று எழுதுவாள்?

அன்று பின்னேரம் உடுப்புக் காயப்போட என்று அவளைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஏன் பிள்ளை, அந்தாளைக் கண்டால் ஏன் எழும்பி ஓடுறாய்?"

"ஓடலியே ஆன்ட்டி! பெரியவங்க வந்தா எப்படி உக்காந்திருக்கிறது? எங்கப்பா பாத்தா தோலை உரிச்சிடுவாரு."

"எழும்பினால் பிறகு இருக்கிறதுதானே?"

"அங்கிள் உக்காருன்னே சொல்ல மாட்டேங்கிறாரு. நானும் நின்னு நின்னு பாக்கிறேன். சரி, நாம இங்க இருக்கிறது அவருக்குப் பிடிக்கலை போலன்னு ரூமுக்குப் போயிடறேன்."

சிரிப்பு வந்துவிட்டது. அவர் இவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்கிறார், இவள் அவருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்கிறாள்.

"இஞ்சை ஒருத்தரும் இரு எண்டு சொல்லமாட்டினம். அந்தாள் வந்தால் வரட்டும். நீ பேசாமல் இரு. எழும்பாதை."

"மரியாதை இல்லாத மாதிரி இருக்குமே ஆன்ட்டி?"

"இராது. நான் சொல்லுறன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சொன்னபடி செய்தாள். எப்படி என்று கேளுங்கள். அவர் உள்ளே வந்ததும் இரண்டு கையாலும் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பாதி எழும்பிப் பாதி இருந்தாள். பல்லுப் பிடுங்க வந்த ஆள் மாதிரி. சிஞ்ஞோர் நீனோ அதைப் பார்த்தார். பாஸ்ராவில் கை வைக்காமல் எழும்பிப் போய்விட்டார். நான் நல்லது செய்யப்போய் இருந்ததையும் கெடுத்தேன்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. ஆனாலும் கோப்பி போட நான் வாறன் என்று சொல்லிப் போனேன். குசினிக்குள் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சங்கத்து மனுஷி அபிதாவிடம் ஆங்கிலத்தில் சந்தோஷமா என்று கேட்டார். சந்தோஷம் என்றாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும் என்று அந்த மனுஷி சிஞ்ஞோராவிடம் இத்தாலியனில் சொல்லிவிட்டு, வீடு மாற்றும் கடதாசிகளை வெளியே எடுத்தார்.

நான் கோப்பித் தட்டோடு முன்னறைக்குப் போனேன். சிஞ்ஞோர் நீனோ சோபாவின் ஒரு நுனியில் நிலத்தைப் பார்த்தபடி. மற்ற நுனியில் அபிதா, கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடி எழும்பாமல்.

என்னைக் கண்டாள். எழும்பி நின்றாள்.

சிஞ்ஞோருக்கு எழும்பாதே என்று சொல்லிக் கொடுத்தேனே தவிர, எனக்கு எழும்பாதே என்று சொல்ல நினைக்கவில்லை. குசினியில் என்றால் இரு பிள்ளை என்று என் வாய் தானாகச் சொல்லியிருக்கும். அந்த அறையில் எனக்கு வாய் திறந்து பழக்கமில்லை.

சிஞ்ஞோர் நீனோ தலையை நிமிர்த்தினார். "இப்ப ஏன் எழும்பினவள்? ஆர் வந்தது?"

தட்டை இறக்காமலே எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன்.

"நான் வந்தனான், சிஞ்ஞோரே. எங்கடை ஆக்கள் பெரியாக்கள் வந்தால் எழும்புவினம். அவை இரு எண்டு சொன்னால்தான் இருப்பினம். அவள் உங்களுக்குப் பயந்து ஓடேல்லை. நீங்கள் சொல்லுவியள், சொல்லுவியள் எண்டு காத்து நிண்டவள். நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை."

"உனக்கும் அப்பிடியே எழும்பினவள்?"

"ஓம். எனக்கும்தான்."

இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அவர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். முகம் சிவந்துபோய் அவளுக்குக் கையைக் காட்டி, "இரு பிள்ளை, இரு" என்றார்.

அவள் இருக்கவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில், "ஆன்ட்டி நிக்கிறாங்களே" என்றாள்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது. அவர் எழும்பினார். எழும்பி, என் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "நீயும் இரு, செல்வா" என்றார். அந்தச் சோபாவில் நான் இருந்தேன். பிறகு அபிதா இருந்தாள். அவர் கடைசியாக இருந்தார். சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கோப்பை எடுக்கக் குசினிக்குப் போனார். சங்கத்து மனுஷி கடதாசிகளைத் திரும்பப் பையில் வைத்தார்.

அன்று பின்னேரம் போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன் வாங்க நின்ற ரதியிடம் சொன்னேன். எங்கள் மேல்மாடிக்காரி, நாக்கு நீளம்.

"உனக்கோ எழும்பினவள்? கோப்பித் தட்டை வாங்க எழும்பியிருப்பாள்."

"தட்டை வாங்கினது சிஞ்ஞோர்."

அவள் திரும்பி மீன்காரனிடம் விலை கேட்டாள். நான் ஒரு கிலோ சாளை வாங்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்காமல் நடுத் தெருவால் நடந்து வந்தேன்.