நாங்களா, நாமா?

"கவலைய விடு லா. நாங்க நாலு கிரகத்தையும் கண்டுபிடிச்சிட்டோம். பேப்பரும் நேத்தே அனுப்பியாச்சு" என்றார் கபிலன், முர்தபாவைப் பிய்த்தபடி.

ஃபேரர் பார்க் சாப்பாட்டுக் கடையில் எதிரே இருந்த ஆஸ்மா தட்டிலிருந்து கையை எடுத்தாள். பக்கத்துச் சிவப்புக் குள்ள விண்மீன் ஒன்றின் மெல்லிய தள்ளாட்டத்தை அளந்து, அதைச் சுற்றும் சிறிய பாறைக்கோள்களைத் தேடியது கபிலனின் குழு. எல்லாவற்றிலும் சிறிய நாலாவது கோள், அதே குழுவில் இருந்த ஆஸ்மா எட்டு மாதம் தேடிக் கண்டது.

"நாங்கன்னா யாரு?"

"டீம்தான், வேற யாரு?"

"என்கிட்ட பேசுறப்ப 'நாங்க'ன்னா, அதுல நான் இல்ல கபிலன்."

"நீ என்ன தமிழ் டீச்சரா? இங்கிலீஷ்ல ரெண்டும் 'வீ' தானே!"

"அங்க ஒளிஞ்சுக்கலாம். தமிழ்ல முடியாது. பேப்பரைக் காட்டுங்க."

அவர் வேண்டாவெறுப்பாக ஃபோனை நீட்டினார். கட்டுரையின் மேலே, எழுதியவர்களாக மூன்று பெயர்கள். அவள் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் வரியில், கம்ப்யூட்டர் பழுது பார்த்தவருக்கும் பிறகு இருந்தது.

"நன்றி போட்டிருக்கேன், பாத்தியா?"

"பாத்தேன். அதையும் முர்தபாவோட சேத்துத் தின்னுங்க."

அவள் தன் ஃபோனில் அந்த ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதத் தொடங்கினாள். நாலாவது கோளுக்காகத் தான் போட்ட கணக்கு முழுவதையும் தேதியோடு இணைத்தாள்.

கபிலன் எட்டிப் படித்தார். "இரு ஆஸ்மா, இரு! நாம பேசி முடிச்சுக்கலாம்."

"இப்பத்தான் 'நாம' வருதா?" என்றவள், கடிதத்தை அனுப்பிவிட்டு எழுந்தாள்.