ஞானாம்பிகைக்கு வேர்த்தால்

ஞானாம்பிகைக்கு வேர்த்தால் குண்டு போடப் பொம்பர் விமானம் வரும் என்ற பேச்சு, தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் கோப்பாயில் கிளம்பியது.

அன்று அவள் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று நெஞ்சுக்குள்ளிருந்து அனல் கிளம்பி முகத்தில் ஏறியது. சட்டை முதுகோடு ஒட்டியது. நெஞ்சு படபடத்தது. யாரோ பிடரியில் மூச்சுவிடுவது போலிருக்கத் திரும்பினாள். ஒருவருமில்லை. தோட்டத்து மூலையில் பதுங்குவதற்கு வெட்டியிருந்த பங்கருக்குள் குளிர்மையாக இருக்குமென்று இறங்கினாள். பக்கத்துத் தோட்டத்துச் செல்வநாயகி பயந்துபோய்ப் பின்னாலேயே இறங்கினாள். அவர்கள் உட்காரவும் பொம்பர் இரையவும் சரியாக இருந்தது. வெளியே வந்தபோது, செல்வநாயகி களை பிடுங்கிய இடத்தில் குண்டு விழுந்து ஆளைப் புதைக்கும் அளவு குழி.

அடுத்த கிழமையும் அப்படியே நடந்தது.

அதன்பிறகு ஒருவரும் அவளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கிணற்றடிக்குப் போனால் வேலிக்கு மேலால் தலைகள் தெரிந்தன. முந்தானையால் முகம் துடைத்தால் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தினார்கள். கணவர் ஏரம்புவும் சாப்பிடும்போது அவள் நெற்றியையே பார்த்தார்.

"எனக்குள்ளை என்ன இருக்கெண்டு பாக்கிறியள்?" என்று கேட்டாள்.

அவர் திருநீறு எடுத்து நீட்டினார். அவளுக்கும் தன்னைப் பார்க்கப் பயமாயிருந்தது.

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த சிசிலியா, முப்பது வருடம் மருத்துவிச்சியாக இருந்தவள். ஞானாம்பிகை ஒருவருக்கும் சொல்லாமல் அவளிடம் போனாள்.

"மாதவிடாய் நிண்டு எவ்வளவு காலம்?" என்றாள் சிசிலியா.

"அஞ்சு மாசம். அதுக்கும் இதுக்கும் என்ன, அக்கா?"

"அதுதான் இது. நாப்பத்தெட்டு வயசிலை கருப்பை ஓய்வெடுக்கத் துவங்குது. உடம்பு தடுமாறுது. சூடு ஏறும், வேர்க்கும், நித்திரை வராது, மூட்டு நோகும், காரணமில்லாமல் அழுகை வரும். எனக்கு நாலு வருசம் இருந்தது."

"அப்ப பொம்பர்?"

"உனக்கு ஒரு நாளைக்கு எத்தினை தரம் வேர்க்குது?"

ஞானாம்பிகை யோசித்தாள். "ஏழெட்டுத் தரம்."

"பொம்பர் ஏழெட்டுத் தரம் வருதோ?"

ஊரில் இதைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை.

மறுநாள் தோட்டத்தில் மறுபடி அனல் ஏறியது. அவள் முகம் துடைக்கவில்லை, குனிந்தபடியே நின்றாள். மெல்ல மெல்லத் தோட்டம் முழுக்கச் சத்தம் அடங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிலும் மண்வெட்டிகள் கிடந்தன, ஆட்கள் இல்லை. வானம் வெறுமையாக இருந்தது. அனல் தணிந்து உடம்பு குளிரும்வரை அந்தச் செம்மண்ணில் தனியே நின்றாள். ஒன்றும் வரவில்லை. அவர்களும் பங்கரை விட்டு வெளியே வரவில்லை.

பங்கர் வாசலில் குனிந்து, "வாங்கோ, ஒண்டுமில்லை" என்றாள்.

உள்ளே ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் மூலையில் இருந்தன. அங்கே செல்வநாயகி சுவரோடு ஒண்டியிருந்தாள். முகம் சிவந்து, நாடியிலிருந்து வேர்வை சொட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா," என்றாள் அவள் ஈனமாக, "எனக்கும் பிடிச்சிட்டுது."

ஞானாம்பிகை இறங்கிப்போய் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். முந்தானையால் விசிறினாள்.

"ஒண்டும் பிடிக்கேல்லை," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "கருப்பை ஓய்வெடுக்கிற வயசு வந்திட்டுது. அவ்வளவுதான். மூச்சை மெல்ல விடு. இப்ப தணிஞ்சிடும்."