நீல வட்டங்கள்

என் புருஷன் வெர்ன் அந்த நோட்டை டாக்டரின் மேசைமேல் வைத்ததும் எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. என் தபால் நோட்டு. நான் லீவில் போனால், எனக்குப் பதிலாக வண்டி எடுப்பவருக்காக எழுதி வைப்பது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தத் தபால் பெட்டியின் மூடி கையோடு வந்துவிடும், பனிக்காலத்தில் எந்தத் திருப்பத்தில் சறுக்கும், எல்லாம் அதில் இருக்கும். அதை எதற்கு இந்த மனுஷன் இங்கே தூக்கிக்கொண்டு வந்தான்?

வடக்கு மினசோட்டாவில் பத்தொன்பது வருஷமாக வண்டியில் போய் வீடு வீடாகத் தபால் போடுகிறேன். நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். அதில் கடைசி ஆறு வருஷமும் வயிற்றோடு மல்லுக்கட்டுதான். சாப்பிட்டாலும் வலி, சாப்பிடாவிட்டாலும் வலி. முதல் டாக்டர் மனக்கவலை என்றார். அடுத்தவர் பாலை நிறுத்தச் சொன்னார், அதற்கடுத்தவர் கோதுமையை. நிறுத்தி நிறுத்திக் கடைசியில் சோறும் கோழி சூப்பும்தான் மிஞ்சின. எடையில் முப்பது பவுண்டு இறங்கிவிட்டேன். சர்ச்சில் பார்க்கிறவர்களெல்லாம் "இளைச்சு எவ்வளவு அழகாயிட்ட" என்றார்கள். பாவிகள்.

குற்றம் டாக்டர்கள்மேல் மட்டும் இல்லை. எங்கள் பக்கம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பரவாயில்லை என்றுதான் சொல்வோம். என் அப்பா அறுவடை இயந்திரத்தில் இரண்டு விரலை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றபோதும் அதைத்தான் சொன்னார். வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்று நர்ஸ் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். மூன்று என்பேன். நானே பத்து என்று சொல்லிவிட்டால் செத்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன மிச்சம் வைப்பது?

ஆனால் உள்ளுக்குள் பயம். எல்லாமே என் பிரமைதானோ? இந்த நாலாவது டாக்டரும் ஒன்றுமில்லை என்று சொன்னால் வேலையை விட்டுவிடுவது, இனி யாரிடமும் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அலுத்துவிட்டது.

"வலி எப்படி இருக்கு?" என்றார் டாக்டர் ஹவ்லண்ட்.

"இருக்கும் டாக்டர். சமாளிச்சுக்கலாம்."

"இவ இப்படித்தான்," என்றான் வெர்ன். சாதாரணமாக வாயைத் திறக்காதவன். "போன வாரம் இவ படுத்துட்டா. இவளுக்குப் பதிலா டெனிஸ்னு ஒரு பொண்ணுதான் வண்டிய எடுத்துட்டுப் போனா. வந்து என்கிட்ட கேக்குறா, நோட்டுல இந்த நீல வட்டமெல்லாம் என்னன்னு. எனக்கும் தெரியல. அதே வழியில நானே ஒருதரம் ஓட்டிப் பாத்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"கக்கூஸு. பெட்ரோல் பங்க்ல ஒண்ணு, சர்ச்சோட பக்கவாசல், ஹாவர்டு கிழவன் கொட்டகை. ரெண்டு எடத்துல வெறும் மரந்தான்."

முகம் எரிந்தது. முப்பது வருஷப் புருஷன், அந்த மரங்களுக்கு எதிரே வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

டாக்டர் நோட்டைப் புரட்டி வட்டங்களை எண்ணினார். "பதினொண்ணு. இத்தனையும் ஒரே நாள்லயா, லோர்னா?"

"மோசமான நாள்ல மட்டுந்தான்."

"வாரத்துல எத்தனை நாள் மோசம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"குழாய் விட்டு குடல உள்ள பாத்துடலாம்," என்றார் அவர். "சதைத் துணுக்கும் எடுத்துப் பரிசோதிச்சுடலாம்."

இரண்டு வாரம் கழித்துப் படத்தைக் காட்டினார். சிறுகுடல் முடிகிற இடத்தில் வீக்கம், வரிசையாகப் புண்.

"இதுக்குப் பேரு க்ரோன்ஸ். முழுசா போகாது. ஆனா மருந்தால அடக்கி வைக்கலாம். இது உங்க கற்பனை இல்ல, லோர்னா."

போகாத நோய் என்கிறார், எனக்கோ அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல அவ்வளவு சந்தோஷம். வெட்கக்கேடு.

திரும்பும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே வெர்ன் கேட்டான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

"தினமும் கேட்டேன். நீதான் பரவாயில்லன்னே."

அடுத்த செவ்வாய்க்கிழமை முதலாவது ஊசி. நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து. சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நர்ஸ் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வலி எவ்வளவு? வழக்கம்போல மூணுதானே?"

அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே திரையில் மூன்று விழுந்துவிட்டது. எனக்கும் நாக்கு நுனிவரை அதேதான் வந்தது. வெர்ன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எட்டு," என்றேன்.

அவள் விரல் விசையின்மேல் அப்படியே நின்றது. என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாக அந்த மூன்றை அழித்தாள்.