மூச்சிரைப்புக் காட்சி

என் அக்காவின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இதில் பாசத்துக்கெல்லாம் வேலையில்லை, தொழில் அப்படி. அவள் சினிமாவுக்கு டப்பிங் பேசுகிறவள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பதிவு செய்கிறவள். மைக் எச்சில் விழுங்குவதைக்கூட விட்டுவைக்காது. ஒரு படத்தின் கதாநாயகிக்கு அவள் பேச ஆரம்பித்த வாரத்திலேயே, வசனங்களுக்கு நடுவில் ஒரு மெல்லிய விசில் என் ஹெட்போனில் கேட்டது.

“அக்கா, உனக்கு நெஞ்சு இழுக்குது.”

“மைக்கை ஒழுங்கா வைடி. கோளாறு உன் சாமான்ல, பழி என் மேலயா?”

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இரண்டு இன்ஹேலர்கள் உண்டு. பழுப்பு நிறத்தது தினமும் காலையும் மாலையும் எடுக்க வேண்டியது; மூச்சுக்குழாய் வீங்காமல், இழுப்பே வராமல் பார்த்துக்கொள்வது. நீலம், இழுப்பு வந்த பிறகு ஆபத்துக்கு உதவுவது. பழுப்பை அவள் தொட்டு மாதக்கணக்காகிறது. கேட்டால், “அது தொண்டையைக் கட்டுதுடி. குரல் போச்சுன்னா சோத்துக்கு எங்க போறது?” என்பாள். குரலை விற்றுப் பிழைக்கிறவர்களுக்குத்தான் இப்படியொரு அதிபுத்திசாலித்தனம் வரும். அதனால் நீலத்தை மட்டும் கைப்பையில் ஒளித்துவைத்து, கழிவறைக்குப் போய் இழுத்துவிட்டு வருவாள். அன்றாடம் நீலம் தேவைப்படுகிறது என்றாலே நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொன்னால், “நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?” என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

அன்றைக்குத் துரத்தல் காட்சி. திரையில் கதாநாயகி மாடி மாடியாகப் படியேறி ஓடுகிறாள். அக்கா நின்ற இடத்தில் நின்றபடி அவளுக்காக மூச்சிரைக்க வேண்டும். ஒலிப்பதிவு அறை முழுக்கக் கனமான திரைச்சீலைகளும் தரைவிரிப்பும். அவை தண்ணீரைப் பார்த்து எவ்வளவோ காலம். போதாக்குறைக்கு இயக்குநர், ராசி என்று சொல்லி ஒரு வாசனைத் திரவியத்தை அறையெங்கும் அடித்துவிட்டுத்தான் வேலையையே ஆரம்பிப்பார்.

அக்கா மூச்சிரைத்தாள். இயக்குநர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “ஆஹா, என்னமா நடிக்கிறாங்க பாருங்க! நிறுத்திடாதீங்க!”

ஹெட்போனில் அந்த விசில் பெரிதாகி, பிறகு சின்னதாகி, பிறகு கேட்காமலே போயிற்று. காற்று உள்ளே போனால்தானே விசில் வரும்? அவள் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். நீலத்தை அவள் வாயில் வைத்து அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸுக்காகக் கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

மறுநாள் இயக்குநர் தொலைபேசியில் நலம் விசாரித்தார். விசாரித்த கையோடு, “அந்த டேக் ஓகேம்மா, அதையே வச்சுக்கலாம்,” என்றார். அவரைத் திட்ட எனக்குத் தெரிந்த வார்த்தைகள் போதவில்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா உபதேசம் எதுவும் செய்யவில்லை. “பழுப்பை எப்படி எடுப்பீங்க? செஞ்சு காட்டுங்க,” என்றார். அக்கா அதை நேராக வாயில் வைத்து அழுத்திக் காட்டினாள்.

“அப்புறம் வாய் கொப்பளிப்பீங்களா?”

“இல்லையே.”

“மருந்து தொண்டையில படிஞ்சு கிடந்தா குரல் கரகரக்காம என்ன செய்யும்? ஸ்பேசர் வச்சு எடுங்க. எடுத்ததும் கொப்பளிச்சுத் துப்புங்க. நல்லா இருக்கிற நாள்லயும் விடக் கூடாது. அப்பவும் குரல் சரியா இல்லைன்னா என்கிட்ட வாங்க, வேற வழி பாக்கலாம். நீங்களா நிறுத்தாதீங்க.”

ஸ்பேசர் என்பது ஒரு பிளாஸ்டிக் குடுவை. ஒரு முனையில் இன்ஹேலரைச் செருகி, மறுமுனையில் வாயை வைத்து நிதானமாக இழுக்க வேண்டும். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா? இதுக்காடி நான் சாகக் கிடந்தேன்?”

நான் அழுதுவிட்டேன்.

பிடிவாதத்தில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. அதுவரை மருந்துக்கு எதிராக நின்ற பிடிவாதம் கட்சி மாறியது. குடுவை, பல் தேய்க்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் குடியேறியது. முதலில் மருந்து, பிறகு கொப்பளிப்பு, பிறகுதான் பல். ஆரம்பத்தில் குரல் கரகரத்தபோது “பாத்தியா, பாத்தியா” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். ஆனால் மருந்தை நிறுத்தவில்லை. நேராக டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். வேகமாக இழுக்கிறாள் என்று கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினார். குரல் மெல்லத் தெளிந்தது. நீலம் கைப்பையில் வேலையில்லாமல் கிடந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. திரைச்சீலைகளைத் துவைக்கப் போட்டேன். தரைவிரிப்பைச் சுருட்டி வெளியே தள்ளி, துடைக்கிற மாதிரி ரப்பர் விரிப்பு போட்டேன். இயக்குநரின் வாசனைத் திரவியத்தை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டு, “உங்க ராசி வாசலோட நிக்கட்டும் சார்,” என்றேன்.

மிச்சமிருந்த காட்சிகளைப் பேச வந்த அன்று அக்கா சொன்னாள்: “துரத்தல் காட்சியை மறுபடி பேசறேன் சார்.”

“எதுக்கும்மா? அது மாதிரி இனிமே வராது.”

“வரவே கூடாது. அது நடிப்பு இல்ல சார், நான் செத்துட்டிருந்தேன். அதை என் பிள்ளைங்க தியேட்டர்ல உக்காந்து கேக்கணுமா?”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரி. ஆனா இன்னொரு தடவை நீங்க விழுந்தா என்னால தாங்க முடியாது. முடியலைன்னா முழுப் படத்துக்கும் வேற ஆளைப் பேச வச்சிடுவேன். சம்மதமா?”

“சம்மதம். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்,” என்று நீலத்தை எல்லோரும் பார்க்க மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு காட்சிக்காக முழுப் படத்தையும் பணயம் வைக்கிறாளே! ஆனால் தடுக்க மனம் வரவில்லை. அந்தப் பழைய டேக்கை நானும் இன்னொரு முறை கேட்கத் தயாராக இல்லை.

திரையில் படிகள் ஓடின. அக்கா ஆரம்பித்தாள். முதல் மாடியில் சின்ன இரைப்பு. அடுத்ததில் வார்த்தைகள் உடைந்தன. அப்புறம் வார்த்தையே வரவில்லை. திணறல், விக்கல், தொண்டைக்குள் சிக்கிய ஒரு கேவல். தோள்கள் ஏறின. கண்கள் செருகின. நான் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு விசிலைத் தேடினேன். ஒவ்வொரு திணறலுக்கும் அடியில் தேடினேன். இல்லை. காற்று தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

“என்னங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க? அவங்களுக்கு முடியல!” என்று கத்திக்கொண்டே இயக்குநர் எழுந்து ஓடினார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்து, நீலத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“போதும்மா, போதும்! பழசே இருக்கட்டும், உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது!”

அக்கா கண்ணைத் திறந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“எவ்வளவு நல்லா வந்துட்டிருந்துச்சு, நடுவுல புகுந்து கெடுத்துட்டீங்களே சார். அதை அங்கயே வச்சிட்டுப் போய் உங்க இடத்துல உக்காருங்க. முதல்லேர்ந்து பேசறேன்.”